காப்பீடு இல்லாத குடும்பம் தமிழ்நாட்டில் மருத்துவம் பெறும் வழி

காப்பீடு இல்லாத குடும்பம் கடனில் விழுவது பெரும்பாலும் நோயின் முதல் இரவிலேயே நடந்துவிடுகிறது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். தெருமுனையில் விளக்கெரியும் தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோ ஓடுகிறது. முன்பணம் கட்டினால்தான் அடுத்த வேலை என்கிறார்கள். விடிவதற்குள் எந்த வளையல் அடகுக்கடைக்குப் போவது என்பது முடிவாகிவிடுகிறது. மூன்றாம் நாள் பார்க்க வந்த உறவினர் ஒருவர், "முதல்வர் காப்பீட்டில் இதற்குக் காசே வேண்டாமே, கார்டு போடவில்லையா?" என்று கேட்கிறார். அதற்குள் கட்டிய பணம் திரும்பி வராது. அந்தத் திட்டம் மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் செலுத்துமே தவிர, நாம் செலவழித்ததைத் திருப்பித் தராது.

உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் துணையாக அரசு மருத்துவமனை வராந்தாக்களில் பல நாட்கள் காத்திருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் பணமில்லாமல் மருத்துவம் பெறுவதற்கான வாசல்கள் ஏராளம். எந்த வாசலில் முதலில் நுழைவது, கையில் எந்தக் காகிதத்தோடு நுழைவது என்பதில்தான் மக்கள் தடுமாறுகிறார்கள்.

காப்பீடு உண்மையிலேயே இல்லையா?

"எங்களுக்கு இன்ஷூரன்ஸ் எதுவும் கிடையாது" என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது சம்பளச் சீட்டைத்தான். பனியன் கம்பெனியிலோ ஜவுளிக்கடையிலோ செக்யூரிட்டி நிறுவனத்திலோ மாதம் 21,000 ரூபாய்க்கு மிகாத சம்பளத்தில் வேலை செய்பவருக்கு, பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமாக இருந்தால், பொதுவாக இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான பிடித்தம் இருக்கும். 2019 ஜூலை முதல் தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி செலுத்துவது 3.25 சதவீதம். மாதம் 16,000 ரூபாய் வாங்குபவருக்கு 120 ரூபாய்தான் பிடித்தம் என்பதால், அந்த வரி சீட்டில் இருப்பதையே பலர் கவனிப்பதில்லை. இந்தப் பிடித்தம் இருந்தால் தொழிலாளிக்கு மட்டுமல்லாமல் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்து வாழும் பெற்றோர் ஆகியோருக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகங்களிலும், சென்னை கே.கே. நகர், அயனாவரம், கோவை சிங்காநல்லூர் போன்ற இடங்களில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளிலும் சிகிச்சை உண்டு. பிடித்தம் இருந்தும் காப்பீட்டு எண் தெரியவில்லை என்றால் கணக்குப் பிரிவில் கேட்டு வாங்கி, குடும்பத்தினரின் பெயர்கள் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிடுங்கள். பெயர் சேர்க்காமல் விட்ட மனைவிக்குப் பிரசவ நேரத்தில் அந்த எண் உதவாது.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பழைய அட்டை. 2009 ஜூலை 23 அன்று தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தின்போதோ, 2012 ஜனவரி 11 முதல் நடைமுறைக்கு வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்போதோ குடும்பம் ஏற்கெனவே பதிவாகியிருக்கலாம். அட்டை தொலைந்தாலும் பதிவு இருக்கக்கூடும். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணை அழைத்துக் குடும்ப அட்டை எண்ணைச் சொல்லிக் கேட்டால், பதிவு இருக்கிறதா என்று சொல்வார்கள்.

அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுப்பது

பதிவு இல்லை என்றால் இந்த வாரமே வேலையைத் தொடங்குங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் 2018இல் மத்திய அரசின் பிரதமர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு வழி செய்யப்பட்டது. குடும்ப ஆண்டு வருமான வரம்பு முதலில் 72,000 ரூபாயாக இருந்து, 2022 ஜனவரியில் தொடங்கிய, காப்பீட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தக் காலத்தில் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மாதம் பத்தாயிரம் என்ற இந்தக் கோடு, வாடகை வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு வாழும் ஒரு கொத்தனார் குடும்பத்தைக்கூட வெளியே தள்ளக்கூடியது என்பது என் கருத்து. இப்போது நடப்பில் உள்ள வரம்பை மேலே சொன்ன கட்டணமில்லா எண்ணிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பு இல்லை. ஆறு மாதங்களுக்கு மேல் இங்கே தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் உரிய சான்றோடு சேரலாம்.

நடைமுறை கடினமானதல்ல, ஆனால் இரண்டு மூன்று நடைகள் ஆகும். வருமானச் சான்று முதலில் வேண்டும். கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்துவிட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அலைச்சல் குறையும். அந்தச் சான்று, ஸ்மார்ட் கார்டு என்று நாம் சொல்லும் குடும்ப அட்டை, எல்லோருடைய ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள் என்பதால் ஆளை அனுப்பி முடிக்கும் காரியம் அன்று. 2025 ஆகஸ்டில் தொடங்கிய நலம் காக்கும் ஸ்டாலின் முகாம்கள் போன்ற சிறப்பு மருத்துவ முகாம்களிலும் இந்தப் பதிவுக்கு மேசை போட்டார்கள். ஊரில் முகாம் நடக்கும் செய்தி வந்தால் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஆகும் பேருந்துச் செலவையாவது மிச்சப்படுத்தலாம்.

இந்த இடத்தில் இடறுவது பெரும்பாலும் பெயரில்தான். ஆதாரில் 'முருகேசன்', குடும்ப அட்டையில் 'முருகேஷ்' என்று இருந்தால், அறுவை சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்கும் நாளில் அந்த எழுத்து வேறுபாடு வந்து குறுக்கே நிற்கும். அதைவிடச் சிக்கலானது புதிதாகத் திருமணமாகி வந்த மருமகளின் நிலை. திட்டம் குடும்ப அட்டையைப் பின்பற்றுகிறது. அவர் பெயர் பிறந்த வீட்டு அட்டையிலேயே நீக்கப்படாமல் கிடந்தால், புகுந்த வீட்டு அட்டையில் அவருக்கு இடமில்லை. திருமணம் முடிந்த மாதமே பெயர் நீக்கலையும் சேர்த்தலையும் முடித்துவிடுவது நல்லது. நோயாளி படுக்கையில் இருக்கும்போதும் அட்டை பதிய முடியும். அதற்கு மருத்துவமனைக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஓடுவதற்கு ஒரு ஆள் தனியாக வேண்டும். நோயாளி பக்கத்தில் இருக்க வேண்டிய மகனோ மகளோதான் அந்த ஆளாக ஆவார்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த அட்டை பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கும் சில பரிசோதனைகளுக்கும் மட்டுமே செல்லும். காய்ச்சல், இருமல், தலைவலிக்குத் தனியார் மருத்துவரைப் பார்க்கும் செலவை அது ஏற்காது. அதற்கான வாசல் வேறு.

சின்ன வாசலைப் பழகிக்கொள்ளுங்கள்

வருமானம் எவ்வளவு என்று எவரும் கேட்காத இடம் ஆரம்ப சுகாதார நிலையம். ஏறத்தாழ 30,000 மக்களுக்கு ஒன்று, மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைந்தவை இவை. நகரங்களில் 2023 ஜூன் முதல் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலையிலும் மாலையிலும் இயங்குவதால், கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு நாள் சம்பளத்தை விடாமல் மருத்துவரைப் பார்க்கலாம். சர்க்கரை, இரத்த அழுத்தம், கர்ப்பிணிப் பரிசோதனை, தடுப்பூசி, நாய்க்கடி ஊசி, பாம்புக்கடி மருந்து ஆகியவற்றுக்குப் பெரியாஸ்பத்திரி வரை போகத் தேவையில்லை. மாத்திரைகளை 1994இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி அனுப்புகிறது. மாத்திரை அட்டையின் பின்புறம் 'தமிழ்நாடு அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல' என்ற முத்திரை இருக்கும். அந்த முத்திரையைப் பார்த்தவுடன் 'இது வீரியம் குறைந்த மருந்து' என்று ஒதுக்குகிற பழக்கம் நம்மிடம் உண்டு. மாதாமாதம் கடையில் வாங்கும் சர்க்கரை மாத்திரையில் உள்ள அதே மருந்துதான் அதிலும் இருக்கிறது.

வீட்டை விட்டு வர முடியாத முதியவர் இருந்தால், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவத்தில் அவர் பெயரைப் பதியச் சொல்லுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகள் வீடு தேடி வரும். பக்கவாதத்துக்குப் பிந்தைய இயன்முறைப் பயிற்சியும் அதில் உண்டு. உங்கள் தெருவுக்கான சுகாதாரத் தன்னார்வலர் யார் என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரியும்.

கருவுற்ற பெண்ணைப் பன்னிரண்டு வாரங்களுக்குள் அந்தச் செவிலியரிடம் பதிந்து, பிக்மி எண் எனப்படும் கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்குவது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். முத்துலெட்சுமி ரெட்டி நினைவு மகப்பேறு உதவியான 18,000 ரூபாயும், பின்னர் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் அந்த எண்ணோடு பின்னிக் கிடக்கின்றன. காசநோய் மருந்து முழுவதும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக வழங்கப்பட்ட தொகை 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்தது. எச்.ஐ.வி. பரிசோதனை நம்பிக்கை மையங்களில் ரகசியமாகச் செய்யப்படும். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துச் சிகிச்சை 2004 ஏப்ரலில் இந்தியாவில் தொடங்கியபோதே தாம்பரம் சானடோரியமும் அதில் இடம்பெற்றது. மன உளைச்சலுக்கு, டெலி மானஸ் எனப்படும் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனை எண்ணான 14416இல் பேசலாம்.

பெரியாஸ்பத்திரியில் ஒரு நாள்

மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போவது என்று முடிவானால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள். கடிதம் இல்லாமலும் பார்ப்பார்கள். ஆனால் எந்தப் பிரிவு என்பது அதில் எழுதியிருந்தால் பாதி நாள் மிச்சமாகும். நரம்பியல், சிறுநீரகவியல், இரத்தக்குழாய் போன்ற சிறப்புப் பிரிவுகள் வாரத்தின் குறிப்பிட்ட நாட்களில்தான் புறநோயாளிகளைப் பார்க்கின்றன. எந்தக் கிழமை என்று முன்னதாகக் கேட்டறிந்து செல்வது, அறுபது கிலோமீட்டர் பயணம் செய்து வருபவருக்குப் பெரிய உதவி.

ஓ.பி. சீட்டு போடும் சன்னல்தான் அந்த நாளைத் தீர்மானிக்கிறது. அங்கே இருப்பவர் பெயர், வயது, ஊர் கேட்டுவிட்டு, "என்ன பண்ணுது?" என்று கேட்பார். பதில் சொல்ல இரண்டு விநாடிதான் கிடைக்கும். ஒரு முறை எங்கள் தெருப் பெரியவர் ஒருவரை அழைத்துச் சென்றேன். காலில் ஆறாத புண். சன்னலில் அவர், "பத்து வருஷமா சுகருங்க" என்றார். பொது மருத்துவத்துக்குச் சீட்டு விழுந்தது. அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மருத்துவரைப் பார்த்தபோது, அவர் காலைப் பார்த்துவிட்டு அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போகச் சொன்னார். அதற்குள் அங்கே அன்றைய ஓ.பி. முடிந்திருந்தது. "கால் பாதத்தில் புண், மூன்று வாரமாக ஆறவில்லை" என்று இன்று தொந்தரவு செய்வதை மட்டும் சொல்லியிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும். பழைய நோய்களை மருத்துவரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

காலை ஏழரைக்குள் வரிசையில் நில்லுங்கள். இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவைப்படலாம் என்பதால் நோயாளிக்குரிய இட்லியைப் பொட்டலமாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை வாங்க ஒரு துணிப்பை வேண்டும். காலை, மதியம், இரவு என்று மருந்தாளுநர் சொல்வதை அங்கேயே அட்டைமீது எழுதிக்கொள்ள ஒரு பேனாவும் வேண்டும். இன்சுலின் வாங்குபவர் சிறிய பிளாஸ்க்கில் ஐஸ் கட்டி கொண்டுவர வேண்டும், பேருந்து வெயிலில் மருந்து கெட்டுவிடும். சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களுக்கு அரசு மருத்துவமனையிலும் சிறு கட்டணம் கேட்கப்படலாம். காப்பீட்டு அட்டை இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று மருந்துச் சீட்டு நீட்டப்பட்டால், "இதற்குப் பதிலாக இருப்பில் உள்ள மருந்து ஏதாவது கொடுக்க முடியுமா, சார்?" என்று பணிவாக ஒரு முறை கேளுங்கள். பல நேரங்களில் இருக்கும்.

உள்நோயாளியாகச் சேர்த்த பிறகு காப்பீட்டு அட்டையைக் கேட்பார்கள். "அரசு மருத்துவமனைதானே, இலவசம்தானே, அட்டை எதற்கு?" என்று சந்தேகப்பட்டுக் கொடுக்காமல் இருப்பவர்கள் உண்டு. கொடுங்கள். அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டிலிருந்து மருத்துவமனைக்கே வருகிறது. விலை கூடிய ஸ்டென்ட், செயற்கை மூட்டு போன்றவற்றை வாங்க மருத்துவமனைக்கு அந்தப் பணம் உதவுகிறது. அட்டை இல்லாதவருக்குச் சிகிச்சை மறுக்கப்படாது என்றாலும், இத்தகைய பொருள் தேவைப்படும் அறுவை சிகிச்சையில் அட்டை உள்ளவரின் காரியம் விரைவாக நகர்வதை நான் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கும், பிறந்த குழந்தையைக் காட்டுவதற்கும் கை நீட்டும் வழக்கம் சில வார்டுகளில் இன்னும் ஒழியவில்லை. கொடுக்கக் கடமை எதுவும் இல்லை. வார்டில் சண்டையிடுவதைவிட, நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ.விடம், நேரமும் வார்டு எண்ணும் குறித்துச் சொல்வது பயன் தரும். 104 என்ற எண்ணிலும் புகார் சொல்லலாம்.

அவசரமானால்

முதல் இரவுக்குத் திரும்புவோம். நெஞ்சு வலி என்றால் 108ஐ அழையுங்கள். 2008 செப்டம்பர் முதல் தமிழ்நாட்டில் ஓடும் இந்த வண்டிக்குக் காசு கிடையாது. எந்த மருத்துவமனையில் உரிய வசதி இருக்கிறது என்பது வண்டியில் வருபவருக்குத் தெரியும். கிராமத்தில் இருப்பவர், வண்டி வரத் தாமதமாகும் என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விரையலாம். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அடார்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளின் முதல் அவசர அளவு அங்கே கொடுக்கப்பட்டு, அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறது.

சாலை விபத்தில் நிலைமை இன்னும் தெளிவு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் இலவசம். காப்பீட்டு அட்டை, வருமானம், மாநிலம் எதுவும் பார்க்கப்படாது. 81 வகைச் சிகிச்சைகளும் ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் உச்சவரம்பும் வைத்து அது தொடங்கியது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த மற்றொரு திட்டத்தில் விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்கு ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு இடமுண்டு. எனவே விபத்தில் அடிபட்டவரைச் சேர்க்கும்போது, "நம்மைக் காக்கும் 48 இங்கே இருக்கிறதா?" என்பதையே முதல் கேள்வியாகக் கேளுங்கள். முன்பணம் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு வரட்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரைக் காப்பாற்ற முயல்வது, அரசு மருத்துவரானாலும் தனியாரானாலும், கடமை என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு வரவேற்பு மேசையில் நின்று வழக்கின் பெயரைச் சொல்லி வாதாடுவதால் பயன் குறைவு. "முதலுதவி செய்து நிலைப்படுத்துங்கள், 108இல் அரசு மருத்துவமனைக்கு மாற்றிக்கொள்கிறோம்" என்று கேட்பது பெரும்பாலும் பலிக்கும்.

அரசுக்கு வெளியே உள்ள வாசல்கள்

கண் நோய்க்கு மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஓய்வு பெற்றபின் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. ஊருக்கு வரும் கண் முகாமில் புரை என்று தெரிந்தால், அங்கிருந்தே பேருந்தில் அழைத்துச் சென்று, லென்ஸ் வைத்து, உணவும் தந்து, திருப்பி அனுப்பும் முறையை அவர்கள் வளர்த்தெடுத்தார்கள். முகாமுக்கு வரும் முதியவர் தம் மாத்திரைகளையும் சர்க்கரைச் சீட்டையும் கொண்டுவந்தால் அன்றே வண்டியில் ஏறலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரை அறுவை சிகிச்சைக்கு ஏற்கத் தயங்குவார்கள். சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இருக்கிறது. சங்கர நேத்ராலயாவிலும் இலவசப் பிரிவு உண்டு. புற்றுநோய்க்கு, 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் வசதியற்றவர்களுக்குச் சலுகை அளிக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நகர ஏழைகளுக்கென்றே குறைந்த செலவுச் சிகிச்சைப் பிரிவு ஒன்றை நடத்துகிறது. இத்தகைய அறக்கட்டளை மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் ஒருவர் இருப்பார். பில் வந்தபின் கண்ணீரோடு அவரைப் போய்ப் பார்க்காமல், சேர்க்கையின்போதே வருமானச் சான்றைக் காட்டிப் பேச வேண்டும்.

வெளியே மருந்து வாங்கியே தீர வேண்டும் என்றால், மருத்துவரிடம் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லி, மத்திய அரசின் மலிவு விலைக் கடையான மக்கள் மருந்தகத்திலோ 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலோ கேட்டுப் பாருங்கள்.

வீடு திரும்பும் நாள்

டிஸ்சார்ஜ் என்றதும் எல்லோருக்கும் கால் தரையில் பாவாது. வாடகை வண்டி வாசலில் நிற்கும். அந்த அவசரத்தில் விட்டுவிடும் காகிதம்தான் அடுத்த முறை தேவைப்படும். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர், செய்த அறுவை சிகிச்சை, தொடர வேண்டிய மாத்திரைகள், மறுபடி வர வேண்டிய தேதி ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று நின்று படியுங்கள். எழுத்து புரியாவிட்டால் பணியில் உள்ள செவிலியரிடம் கேளுங்கள். ஸ்கேன் படங்களைச் சுருட்டாமல் உறையோடு வாங்குங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் அனுப்பிவையுங்கள். பிறகு அந்தச் சம்மரியின் ஒரு நகலை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தால், தொடர வேண்டிய மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை அங்கேயே மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். பெரியாஸ்பத்திரிக்கு அந்த மறுபரிசோதனைத் தேதியன்று மட்டும் போனால் போதும்.